வெக்கை நோயும் வோல்டர் பிளௌரைட்டும்

பண்டைத் தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். மலைநாட்டின் வரலாற்றைக் கற்பார்க்கு இப்பொருளின் பொருத்தம் இனிது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்டிச் சீமையிலே கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், விளைவைக் கொழும்புக்கு இறக்கியவையும், தொழிலாளர்க்கு வேண்டிய அரிசியை மேலே ஏற்றியவையும் மாட்டு வண்டிகளே. இருப்புப்பாதை கண்டிக்கு 1867இலும், ஹட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு 1885இலுமே வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர், கால்நடைக் கொள்ளைநோய் பரவியபோதெல்லாம் எருதுகள் வழியிலே வீழ்ந்தன, வண்டிகள் நின்றன, கூலி உயர்ந்தது, தோட்டங்களில் அரிசி அருகிற்று. எருதின் நோய் மனிதனின் பசியாக மாறிய காலம் அது.

அக்காலத்தார் கொள்ளைநோய் எனப் பொதுவாக வழங்கியவற்றுள் மிகக் கொடியது வெக்கை நோய். ஜெர்மானியர் இதனை ‘ரிண்டர்பெஸ்ட்’ என்றனர். மனிதரைப் பற்றும் சின்னமுத்து நோயின் வைரசுக்கு நெருங்கிய உறவுடைய ஒரு வைரசே இதற்குக் காரணம். கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர்வடிதல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல் என்பன இதன் குறிகள். முன்னர் இந்நோயை அறியாத மந்தையிற் புகுந்தால் பத்து மாடுகளில் எட்டு ஒன்பதையும் மாய்க்க வல்லது. 1880களின் இறுதியில் ஆபிரிக்காவிற் புகுந்து, பத்தாண்டுகளுக்குள் அக்கண்டத்தின் தென்கோடிவரை மந்தைகளை அழித்தது. எதியோப்பியாவில் உழவெருதுகள் இறந்தமையாற் பெரும் பஞ்சம் விளைந்தது.

இந்நோயை வெல்லும் முயற்சியில் இந்தியாவுக்குச் சிறந்த பங்குண்டு. இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்து ஆய்வுகூடத்தில், ஜே. டி. எட்வர்ட்ஸ் என்பார் 1920களில் இவ்வைரசை ஆடுகளிடத்தே தொடர்ந்து செலுத்தி அதன் வன்மையைக் குறைத்தார். அவ்வாறு பெறப்பட்ட தடுப்புமருந்து பெரும்பயன் தந்தது. எனினும் அது எல்லா இனங்களுக்கும் ஏற்றதாகவில்லை. நாட்டு மாடுகள் தாங்கிய அம்மருந்தை, நோயை எளிதில் ஏற்கும் சில இனங்கள் தாங்கமாட்டாது துன்புற்றன. இக்குறையை நீக்கியவரே வோல்டர் பிளௌரைட்.

பிளௌரைட் 1923ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன்சயர் பகுதியிற் பிறந்தவர். கலப்பை செய்வோன் என்பதே அவர் குடிப்பெயரின் பொருள். உழவெருதைக் காத்தவர்க்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது! இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1944இற் பட்டம் பெற்று, படையின் கால்நடை மருத்துவப் பிரிவிற் பணியாற்றியபின், 1950இற் குடியேற்ற நாட்டுக் கால்நடைச் சேவையிற் சேர்ந்தார். கென்யாவின் முகுகா ஆய்வுகூடமே அவருடைய பெரும்பணி நிகழ்ந்த களம்.

அங்கு அவரும் ஆர். டி. பெரிஸ் என்பவரும், வைரசை உயிருள்ள விலங்கில் வளர்க்காது, கன்றின் சிறுநீரகக் கலங்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து அவற்றிலே பெருக்கினர். ஒரு வளர்ப்பிலிருந்து மற்றொன்றுக்கு, அதிலிருந்து பிறிதொன்றுக்கு என ஏறத்தாழ 90 முறை மாற்றினர். நோய் செய்யும் ஆற்றல் வைரசை விட்டு நீங்கிற்று. எதிர்ப்பை எழுப்பும் ஆற்றலோ எஞ்சி நின்றது. இம்மருந்து எல்லா இனங்களுக்கும், இளங்கன்றுக்கும் சினைப்பசுவுக்கும் தீங்கு செய்யவில்லை. ஊசியிட்ட மாடுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, ஒருமுறை இட்ட ஊசியே வாழ்நாள் முழுதும் காக்கும் என்பதையும் பிளௌரைட் நிறுவினார். மீண்டும் மீண்டும் மந்தைகளைத் தேடிச் செல்ல இயலாத வறிய நாடுகளுக்கு இவ்வுண்மையே பெருந்துணையாயிற்று.

அவர் ஆராய்ச்சி இவ்வொரு நோயோடு அமையவில்லை. மாடுகளைக் கொல்லும் ஒருவகைச் சளிக்காய்ச்சலின் வைரசை, நோயுறாது திரியும் காட்டுமான் இனமொன்று சுமப்பதை அவர் காட்டினார். அம்மான்கள் கன்றீனும் புல்வெளிகளை மாசாய் இடையர்கள் நெடுங்காலமாகவே விலக்கி வந்தனர். அவர்தம் பட்டறிவை ஆய்வுகூடம் உறுதிசெய்தது எனலாம். ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சலை உண்ணிகள் பேணி வைத்திருப்பதையும் அவரும் துணைவரும் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இலங்கைக்கு இப்பணியின் அருமை 1987இல் விளங்கிற்று. பல பத்தாண்டுகள் இத்தீவில் இல்லாதிருந்த வெக்கை நோய், அவ்வாண்டில் இந்தியாவிலிருந்து வந்த ஆடுகளோடு மீண்டும் புகுந்தது. 1994க்குப் பின்னரே அது முற்றாக ஒழிந்தது. இத்தகைய நோய் தேயிலைத் தோட்டங்களிற் புகுந்தால் விளைவு யாதாகும்? நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் குளிருக்கேற்ற கலப்பினப் பசுக்கள் ஐரோப்பிய இரத்தமுடையன. இந்நோய்க்கு எளிதில் இரையாவன. லயத்தின் அருகே கொட்டில் கட்டி ஒரு பசுவை வளர்க்கும் குடும்பத்துக்கு, கொழுந்து பறிக்கும் கூலிக்கு மேலாக வரும் வருவாய் அதன் பாலே. மரக்கறித் துண்டுக்கு உரம் அதன் சாணமே. பெருமந்தை உடையானுக்கு இழப்பாவது, ஒரு பசு உடையாளுக்கு வாழ்வின் சரிவாகும்.

பிளௌரைட்டுக்கு 1999இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அவர் 2010 பெப்ரவரியில் மறைந்தார். மறு ஆண்டே, 2011இல், வெக்கை நோய் உலகினின்றும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் அறவே அழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே. தைத்திங்களிற் பட்டிப்பொங்கலன்று, பசுவை நீராட்டிப் பொட்டிட்டு மாலை சூட்டும் தோட்டத்துச் சிறுவர்க்கு அந்நோயின் பெயரும் தெரியாது. அதனை வென்றவர் பெயரும் தெரியாது. முன்னதை மறந்திருத்தல் அவர்கள் பெற்ற பேறு. பின்னதை அறிவித்தல் கற்றோர் கடன்.