அஞ்சல் பெட்டியும் வட்டின் கரமும்

ஒரே சுற்றறிக்கையை மின்னஞ்சலில் நூறு பேருக்கு அனுப்புகிறோம். கணிப்பொறி அதனை நூறு தடவை எழுதி வைக்க வேண்டுமா? ஒரு தடவை எழுதினால் போதாதா? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு வரலாறு இருமுறை விடையை மாற்றிக்கொண்டது.

1965-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணிப்பொறி ஒன்றில் டாம் வான் விளெக், நோயல் மாரிஸ் ஆகிய இருவரும் 'மெயில்' என்னும் கட்டளையை உருவாக்கினர். ஒருவருக்கு வரும் கடிதங்கள் யாவும் அவருடைய ஒரே கோப்பில் சேர்ந்தன. பின்னர் வந்த யூனிக்ஸ் கணிப்பொறிகளிலும் இதே வழக்கம்தான். ஆனால் நடுவிலுள்ள ஒரு கடிதத்தை நீக்க வேண்டுமாயின் கோப்பையே திருப்பி எழுத வேண்டும். அவ்வேளையில் புதுக் கடிதம் வந்தால் அது வாயிலில் காத்து நிற்க வேண்டும்! 1990-களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்து இத்தொல்லையை நீக்கினார். எனினும் பத்தாயிரம் கடிதங்களில் ஒன்றைத் தேடப் பத்தாயிரம் கோப்புகளைத் திறப்பதா?

இங்குதான் தரவுத்தளம் நுழைகிறது. 1996-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச், கடிதங்களை அட்டவணைகளில் அடுக்கியது. ஒரு தரவுத்தளத்தில் நூறு பேருக்கு வந்த கடிதம் ஒன்றாகவே இருக்கும். நூறு பெட்டிகளிலும் அதைச் சுட்டும் குறிப்பு மட்டுமே இருக்கும். கடைசிக் குறிப்பும் நீங்கினால்தான் கடிதம் அழியும். 2 மெகாபைட் இணைப்பு 200 மெகாபைட்டாகப் பெருகவில்லை. வட்டு விலை உயர்ந்திருந்த காலத்தில் இது நல்ல சிக்கனமே.

இனி இயற்பியலைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கிறது. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது ஏறத்தாழ 4 மில்லி விநாடி. கரம் நகர்வதற்கு மேலும் 8 அல்லது 9. ஆகவே விநாடிக்குச் சுமார் 80 தடவைதான் இடம் மாறிப் படிக்க முடியும். கரத்துக்கும் நிறை உண்டு. அதை நினைத்தபடி விரைவுபடுத்த இயலாது. 1996-இல் சில ஜிகாபைட்டாக இருந்த வட்டு 2009-இல் 2 டெராபைட்டை எட்டியது. கரமோ கிட்டத்தட்ட பழைய வேகத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. இடம் மலிந்தது, நேரம் மலியவில்லை.

பகிர்ந்த கடிதங்களோ வட்டெங்கும் சிதறிக் கிடந்தன. ஒருவரின் பெட்டியைத் திறக்கக் கரம் அங்குமிங்கும் அலைய வேண்டியிருந்தது. எனவே எக்ஸ்சேஞ்ச் 2010 பழைய சிக்கனத்தை முற்றாகக் கைவிட்டது. நூறு பேருக்கு நூறு படிகள்! ஒவ்வொருவர் கடிதங்களும் அருகருகே வைக்கப்பட்டன. 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் 4 கிலோபைட்டாக இருந்த தரவுத்தளப் பக்கம் 32 கிலோபைட்டாயிற்று. ஒருமுறை சென்ற கரம் நிறைய அள்ளி வரட்டும் என்பதே கருத்து. இடத்தை ஈடுகட்டக் கடிதத்தின் எழுத்துப் பகுதியைச் சுருக்கி வைத்தனர். தரவுத்தளத்துக்கே 16 படிகள் வரை வெவ்வேறு கணிப்பொறிகளில் வைத்துக்கொள்ளவும் வழி செய்தனர்.

படிகள் பல இருந்தால் கவலையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலின் சேமிப்பு மென்பொருளில் நேர்ந்த பிழையால், அதன் பயனாளரில் 0.02 விழுக்காட்டினரின் பெட்டிகள் திடீரென வெறுமையாயின. வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த படிகளையும் அப்பிழை தொட்டுவிட்டது. மென்பொருளின் கை எட்டாமல் தனியே இருந்த காந்த நாடாக்களிலிருந்துதான் கூகுள் அக்கடிதங்களை மீட்டது. அதற்குப் பல மணி நேரம் பிடித்தது.