கிணறில்லாத வீட்டின் தண்ணீர்க் கணக்கு



கூட்டமைப்பு மலருக்குப் பழைய வரலாறு ஒன்று எழுதித் தாருங்கள் என்று நிர்வாகிகள் கேட்டார்கள். கோயில் வரலாறு எழுதலாமா, பள்ளிக்கூட வரலாறு எழுதலாமா என்று யோசித்தேன். கடைசியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானையின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன். முதுகுளத்தூர் பக்கம் கிணறு இல்லாத வீட்டில் பிறந்து, கிணறு இல்லாத வீட்டுக்கே வாக்கப்பட்டு வந்தவள் நான். இதைவிட நன்றாக எனக்குத் தெரிந்த வரலாறு வேறு இல்லை.

நம்ம ராமநாதபுரம் சீமையில் பல ஊர்களில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணிதான் வரும். அதனால்தான் குடிக்க ஊரணி, விவசாயத்துக்குக் கண்மாய் என்று முன்னோர் தனித்தனியாக வெட்டி வைத்தார்கள். ஊரணியில் குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, செருப்போடு கரை ஏறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பும். பங்குனி, சித்திரையில் சேறும் தண்ணியுமாகக் கலங்கிக் கிடக்கும். அதுவும் வற்றினால் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஊற்று ஊறும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் என் ஆறாம் வகுப்பு முடிந்து போனது. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் எங்கே?

கொண்டுவந்த தண்ணியை அப்படியே குடிக்க முடியாது. குடத்து வாயில் பழைய சேலைத் துணியை மடித்துக் கட்டி அப்பத்தா முதலில் வடிகட்டுவார். அந்தத் துணிக்குப் பெரிய வரலாறு உண்டு. ஒரு காலத்தில் நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. காலில் கொப்புளம் கிளம்பி, அதிலிருந்து நூல் மாதிரிப் புழு வெளியே வரும். படியிறங்கி மொள்ளும் கிணற்றிலும் குளத்திலும் இருக்கிற மிகச் சின்ன நீர்ப்பூச்சி வழியாக அது உடம்புக்குள் போகும். துணியில் வடிகட்டினால் அந்தப் பூச்சி தங்கிவிடும். துணியில் வடிகட்டச் சொல்லிச் சொல்லியும், கிணறுகளைச் சீர்படுத்தியும் அந்த நோயை ஒழித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று அறிவித்தது.

அடுத்தது தேத்தாங்கொட்டை. வடிகட்டிய தண்ணியைப் பானையில் ஊற்றும் முன் பானையின் உள்பக்கம் அந்தக் கொட்டையை உரசுவார்கள். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே பளிங்கு மாதிரித் தண்ணி நிற்கும். சங்க காலத்துக் கலித்தொகையிலேயே இது உவமையாக வருகிறது என்று பின்னாளில் ஒரு தமிழாசிரியர் சொல்லிக் கேட்டேன். கோடையில் அடுக்குப்பானையும் வைப்போம். மேல் பானையின் அடியில் சின்ன ஓட்டை. நடுப்பானையில் கூழாங்கல், மணல், அடுப்புக்கரி. சொட்டுச் சொட்டாகக் கீழ்ப்பானையில் இறங்கும்.

இவ்வளவு செய்த வீட்டில்தான் என் தம்பி போனான். அவனுக்கு மூன்று வயது. ஒரு சித்திரையில் வாந்தியும் பேதியுமாக இரண்டே நாள். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. "துணியில வடிகட்டித்தானே கொடுத்தேன், கொட்டை உரசித்தானே கொடுத்தேன், பளிங்கு மாதிரித்தானே இருந்துச்சு" என்று என் ஆத்தா எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குப் பதில் சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை.

பதில் நம் குழுக் கூட்டத்தில்தான் கிடைத்தது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியதும், 1997-98-இல் அது மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்க விரியத் தொடங்கியதும் நமக்குத் தெரிந்ததே. எங்கள் ஊரில் குழு அமைந்த புதிதில் ஒரு கூட்டத்துக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணி வைத்தார். இரண்டும் ஒரே மாதிரித் தெளிவு. "ஒண்ணு காய்ச்சுனது, ஒண்ணு காய்ச்சாதது. எதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. "மண்ணு கண்ணுக்குத் தெரியும், கிருமி தெரியாது. துணி பூச்சியைப் பிடிக்கும், கொட்டை மண்ணைப் படிய வைக்கும். மிச்சமிருக்கிற கிருமியைக் கொல்லணும்னா நல்லாக் கொதிக்க வைக்கணும், இல்லேன்னா குளோரின் போடணும்" என்று விளக்கினார்.

என்னோடு வந்த ஆத்தா பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வெறகு எரிச்சிருப்பேனே."

அதற்காக, ஆத்தாவும் அப்பத்தாவும் செய்தது வீண் என்று எண்ணிவிடாதீர்கள். கலங்கிய தண்ணியில் குளோரின் சரியாக வேலை செய்யாது. முதலில் தெளிய வைத்தால்தான் மருந்து பலிக்கும். சேலைத் துணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் 65 கிராமங்களில் நடந்த ஆய்வில், ஒரு பகுதிப் பெண்களைப் பழைய சேலையைப் பல படிவமாக மடித்துத் தண்ணி வடிகட்டச் செய்து பார்த்தார்கள். காலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003-இல் ஆய்வு வெளியானது. துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலைதான் அதற்கு நல்லதாம், இழை நெருங்கிவிடுமாம். நம்ம அப்பத்தா கையில் இருந்த வித்தைக்குப் படித்தவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஆனால் பாதி குறைந்தது என்றால் மீதிப் பாதி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எனவே துணியும் வேண்டும், அடுப்பும் வேண்டும்.

இனி ஊற்றிய தண்ணியின் கதை. ஆறு பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு அப்போது நாளைக்கு எட்டுக் குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 120 லிட்டர். ஆளுக்கு 20 லிட்டர். அரிசி களைந்த கழனித்தண்ணி மாட்டுக்கு. பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவிய தண்ணியைக் கீரைப் பாத்திக்கு ஊற்றுவோம். குளிக்கிற கல்லை வாழை மரத்தடியிலேயே போட்டிருந்தோம். துணி அலசிய கடைசித் தண்ணியில் அடுத்த அழுக்குத் துணியை ஊற வைப்போம். ஒரு குடத்துக்கு இரண்டு மூன்று வேலை. அந்த வாழையில் பழுத்த தார்தான் திருவிழாவுக்குக் கைச்செலவு.

சோப்புத்தூள் வந்த பிறகு வாழை இலை ஓரம் கருகியது. ஆத்தா அதைப் பார்த்துவிட்டு, துணி துவைத்த முதல் தண்ணியை மட்டும் வேறு பக்கம் கொட்டினார். இப்போது என் வீட்டில் அதற்கு உறிஞ்சு குழி இருக்கிறது. மூணடி நீளம், மூணடி அகலம், மூணடி ஆழம். உள்ளே உடைகல் நிரப்பியது. தெருவில் தண்ணி தேங்காததால் கொசுவும் குறைவு. குடிநீர் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் இந்தக் குழியைத் தோண்டிவிடாதீர்கள்.

பிறகு காவிரித் தண்ணி குழாயில் வந்தது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பழைய கணக்குக்கு அது இரண்டரை மடங்குக்கும் மேல். சந்தோஷம்தான். என் பேத்தி இன்றைக்குக் குடம் தூக்காமல் கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் குழாய் நாலு நாள் வராவிட்டால் வண்டித் தண்ணிக்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறோம். வசதியுள்ள வீடுகளில் உப்பு நீக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். மணலும் கரியும் உப்பை நீக்காது, ஆகவே அதற்கு மெஷின் வேண்டியதுதான். ஆனால் அது வெளியே தள்ளும் தண்ணியைச் சாக்கடையில் விடுவானேன்? உப்பு கூடியிருப்பதால் செடிக்கு ஆகாது. வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகுமே!

நம் தீர்மானப் புத்தகங்களில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் வரிசையாக இருக்கிறது. தண்ணிக் கணக்கு ஒரு வரி கூட இல்லை. அந்தக் கணக்கு நம் தாய்மார் மனசோடு போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் உங்கள் ஊர் மூத்த பெண்மணி ஒருவரை உட்கார வைத்து, எங்கிருந்து மொண்டீர்கள், எப்படித் தெளிய வைத்தீர்கள், ஊற்றிய தண்ணியை என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். செவிலியரையும் கூப்பிட்டு, அதில் எது சரி, எது போதாது என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

என் ஆத்தா இப்போது இல்லை. அவர் தேத்தாங்கொட்டை டப்பா என் அடுப்படியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் தண்ணி காய்ச்சும் பாத்திரமும் இருக்கிறது.