சந்திக்காத பார்வைகள்

டாரட்டின் 'காதலர்' சீட்டைக் குறிசொல்வோர் கையில்தான் இன்று நாம் காண்கிறோம். 15ஆம் நூற்றாண்டு மிலானில் அது விளையாட்டுச் சீட்டு. குறி பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. மிலான் பிரபுக்களுக்காகத் தீட்டப்பட்ட விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டில் ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்கின்றனர். மேலே கண்கட்டிய க்யூபிட், அவர்களது மன்மதன். திருமணக் கோலத்தின் மேல் குருட்டுத் தெய்வம்; ஓவியன் துணிச்சல்காரன்தான்!

மார்செய் மரபில், ஓர் ஆணின் இருபுறமும் இரு பெண்கள். சீட்டு 'எவள்?' என்ற கேள்வியாயிற்று. 1909இல் லண்டனில் வெளியான வெயிட்டின் கட்டுக்காகப் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தபோது அவர்களுள் ஒருத்தி மறைந்தாள். ஆதாம், ஏவாள், பாம்பு சுற்றிய மரம், மேலே தேவதூதன். குறிநூல்கள் 'பொருத்தம்' என்றெழுதிக் கடந்துவிடுகின்றன. படத்தை நாம் சற்றே உற்றுநோக்க வேண்டும். ஆண் பெண்ணைப் பார்க்கிறான். அவளோ தேவதூதனைப் பார்க்கிறாள்.