இடையில் நின்ற மாணவனும் ஆங்கிலப் பாடமும்

ஆசிய நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட வரலாற்றை எழுதியோர், பெரும்பாலும் அதைக் கற்றுத் தேறியவர்களின் வரலாறாகவே அதனை எழுதி வைத்துள்ளனர். பட்டம் பெற்றவரும் பதவி பெற்றவரும் கடல் கடந்து சென்றவருமே அதில் மிகுதியாகக் காணப்படுகின்றனர். ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வயலுக்கும் தோல் கிடங்குக்கும் செங்கற்சூளைக்கும் போனவர்களைப் பற்றிய பேச்சு அதில் மிகக் குறைவு. நம் சமுதாயத்தில் சென்ற தலைமுறை வரை பெரும்பாலோர் இவ்விரண்டாம் வகையினரே. ஆகவே நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அவர்கள் பக்கம் நின்று அவ்வரலாற்றைச் சிறிது நோக்க விரும்புகிறோம்.

முதலில் ஜப்பானியச் சிறை ஒன்றிலிருந்து தொடங்குவோம். அந்நியர் எவரும் நுழையக் கூடாது என்று ஜப்பான் தன் கதவை அடைத்து வைத்திருந்த காலம் அது. ஐரோப்பியருள் டச்சு வணிகருக்கு மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் சிறிது இடம் தரப்பட்டிருந்தது. 1848-ஆம் ஆண்டில் ரானால்டு மக்டொனால்டு என்னும் இளைஞர் திமிங்கல வேட்டைக் கப்பலொன்றிலிருந்து சிறு படகில் இறங்கி, கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர் போல வடகோடியிலுள்ள ரிஷிரித் தீவை அடைந்தார். அவர் தந்தை ஸ்காட்லாந்தியர். தாய் அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒன்றான சினூக் இனத் தலைவரின் மகள். அவரைப் பிடித்து நாகசாகிக்குக் கொண்டுசென்று காவலில் வைத்தனர். அங்கே டச்சு மொழி கற்றிருந்த அரசாங்க மொழிபெயர்ப்பாளர் பதினால்வர் அவரிடம் வந்து ஆங்கிலம் படித்தனர். அவர்கள் உரக்கப் படிப்பார்கள். அவர் உச்சரிப்பைத் திருத்துவார். பொருளைத் தமக்குத் தெரிந்த அளவு ஜப்பானியச் சொற்களில் விளக்குவார். ஏறத்தாழ ஏழு மாதம் இது நடந்தது. 1849 ஏப்ரலில் அமெரிக்கக் கப்பலொன்று வந்து அவரை அழைத்துச் சென்றது. அவரிடம் படித்தவருள் ஒருவரான மொரியாமா எய்னோசுகே, அமெரிக்கத் தளபதி பெர்ரி 1854-இல் ஜப்பானோடு உடன்படிக்கை செய்துகொண்ட பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார்.

பழங்குடித் தாயின் மகன் ஒருவர் கைதியாக இருந்தபடியே ஒரு நாட்டுக்கு ஆங்கில ஆசிரியரானார் என்பது நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஆயினும் அப்பாடம் ஏன் அவ்வளவு விரைவில் பலித்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணவர் பதினால்வர்தாம், அனைவரும் வளர்ந்தவர், முன்னரே ஓர் ஐரோப்பிய மொழியைக் கற்றவர், சம்பளம் பெற்றுக்கொண்டே படித்தவர். அவர்கள் படிப்பு அரசுக்குத் தேவைப்பட்டது. ஆசியாவில் ஆங்கிலம் முதலில் செவ்வையாகக் கற்பிக்கப்பட்ட இடங்கள் பலவும் இத்தகையனவே. ஆள்வோருக்குச் சிலர் தேவைப்பட்டனர், அச்சிலருக்குக் கற்பிக்கப்பட்டது.

இந்தியாவில் இதற்கு ஒரு கொள்கையே வகுக்கப்பட்டது. 1835-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெக்காலே எழுதிய குறிப்பின் உட்கிடை இதுதான்: எல்லோருக்கும் கற்பிக்க இயலாது; ஆள்வோருக்கும் ஆளப்படும் கோடிக்கணக்கானோருக்கும் நடுவே நிற்கும் ஒரு வகுப்பாரை உருவாக்கினால் போதும்; அறிவு அவர்களிடமிருந்து மெல்லக் கீழே இறங்கும். மேலே ஊற்றிய நீர் கீழே கசியும் என்பது கணக்கு. மேலே இருந்தவர்களோ குடத்தை இறுக மூடி வைத்துக்கொண்டனர். 1856-இல் தார்வார் அரசுப் பள்ளியில் சேர மகர் சமுதாயத்துச் சிறுவன் ஒருவன் விண்ணப்பித்தான். அவனைச் சேர்த்தால் ஏனைய வகுப்பினர் விலகிவிடுவர், பள்ளி பயனற்றுப் போகும் என்று கூறிப் பம்பாய் அரசு அவனைச் சேர்க்க மறுத்தது. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று கம்பெனியின் இயக்குநர்கள் பின்னர் இலண்டனிலிருந்து எழுதினர். கடிதம் கப்பலேறி வந்ததே தவிர, கதவு அகலத் திறக்கவில்லை. மகாத்மா ஜோதிராவ் புலே 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் சான்றளித்தபோது, உழவரும் உழைப்பாளரும் செலுத்தும் வரிப்பணத்தில் மேல்வகுப்பார் மட்டும் உயர்கல்வி பெறுகின்றனர் என்று இக்கசிவுக் கொள்கையைத்தான் சாடினார். அவருடைய துணைவியார் சாவித்திரிபாய், ஆங்கிலம் கற்குமாறு மக்களை அழைக்கும் கவிதையைத் தம் 1854-ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே வெளியிட்டிருந்தார். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பியபோது அது மறுக்கப்பட்டுப் பாரசீகம் படிக்க நேர்ந்ததையும் இங்கே நினைத்துக்கொண்டால், நம்மவர் ஆங்கிலத்தின்மேல் ஏன் அவ்வளவு பற்று வைத்தனர் என்பது விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பள்ளிகள் பெருகியிருந்தன. வங்காளத்தில் சிற்றூர்ப் பிள்ளைகளும் ஆங்கிலம் படித்தனர். அங்கே 1912-இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வந்தவர் மைக்கேல் வெஸ்ட். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக அவர் பணியாற்றினார். வங்காளத்து இருமொழிக் கல்வியைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1926-இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. அதிகாரி ஒருவர் எழுதிய அறிக்கைதானே என்று அதைத் தள்ளிவிட இயலாது. ஏனெனில், தேறியவர்களை எண்ணுவதோடு அமையாமல், நின்றுபோனவர்களையும் எண்ணிப் பார்த்தவர் அவர்.

ஆயுள் காப்பீடு செய்திருப்போருக்குச் சரண் மதிப்பு என்றால் இன்னதெனத் தெரியும். தவணை முடியுமுன் பத்திரத்தை ஒப்படைத்தால், கட்டிய பணத்தில் ஏதோ ஒரு பங்கு கைக்குத் திரும்பும். தொடக்க ஆண்டுகளிலேயே நிறுத்தினால் ஒன்றும் திரும்பாமலும் போகும். வெஸ்ட் இந்தக் காப்பீட்டுச் சொல்லையே கல்விக்குப் பயன்படுத்தினார். பத்தாண்டுப் பாடத்தை மூன்றாம் ஆண்டில் விட்டுப் போகும் பிள்ளை எதைக் கொண்டு போகிறான்? வங்காளத்தில் நடந்த பாடமுறைப்படி அவன் கொண்டு போனது ஏறத்தாழ ஒன்றுமில்லை. இலக்கண விதிகள் சில, மனப்பாடமாகிய எழுத்துக் கூட்டல் சில, ஆசிரியரோடு சேர்ந்து ஒப்பித்த வாக்கியங்கள் சில. ஓராண்டில் அவையும் மறந்து போகும். பாடம் முழுவதும் கடைசி ஆண்டின் பரீட்சையை நோக்கியே அமைந்திருந்ததால், கடைசி ஆண்டுவரை இருந்தவனுக்கு மட்டுமே அது பயன் தந்தது. வழியில் இறங்கியவர்களின் உழைப்பு, தேறியவர்களுக்காகக் கொடுத்த கூலியில்லா உழைப்பாயிற்று.

இதற்கு அவர் சொன்ன மருந்து, முதலில் படிக்கக் கற்பி என்பது. பேச்சுக்குப் பேசும் துணை வேண்டும். நல்ல ஆசிரியர் வேண்டும். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு நிமிடம் வாய் திறக்க வாய்ப்புக் கிட்டுவதே அரிது. படிப்புக்கோ புத்தகமும் வெளிச்சமும் போதும். ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் அவரவர் வேகத்தில் படிக்கலாம். பள்ளியை விட்ட பின்னும் தானே வளர்த்துக்கொள்ளக்கூடிய திறன் அது. ஆனால் அன்றிருந்த வாசகப் புத்தகங்கள் அதற்கு உதவா. அடிக்கொரு புதுச்சொல் வந்து வழி மறித்தது. அச்சொற்களோ பழஞ்செய்யுளில் வருபவை. தீவைக் குறிக்க ‘ஐலண்டு’ என்னும் நடைமுறைச் சொல் இருக்க, ‘ஐல்’ என்னும் செய்யுட்சொல்லைப் பத்து வயதுப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்? வெஸ்ட் அத்தகைய சொற்களைக் களைந்தார். ஏறத்தாழ ஐம்பது சொல்லுக்கு ஒன்றாகப் புதுச்சொற்களை இடைவெளி விட்டு நட்டார். நட்ட சொல்லை மறுபடியும் மறுபடியும் வரச் செய்தார். இவ்வாறு அவர் எழுதிய புதுமுறை வாசகங்களைப் படித்த பிள்ளை, முதற்புத்தகத்தோடு நின்றாலும் அந்த அளவில் எழுதப்பட்ட ஒரு கதையைத் தானே படிப்பான்.

இக்கணக்கில் ஒரு குறை உண்டு. பிள்ளைகள் நின்றுபோவதை வெஸ்ட் மழையையும் வெயிலையும் போல இயற்கையாகவே எடுத்துக்கொண்டார். ஏன் நிற்கின்றனர், யார் பிள்ளைகள் முதலில் நிற்கின்றனர் என்ற வினா அவருடைய திட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. அதைக் கேட்டவர் வேறொருவர். அவர் நூல் வந்த மறு ஆண்டில், 1927 மார்ச் 12 அன்று, பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின்மீது அண்ணல் அம்பேத்கர் பேசினார். மகாத் குளத்து நீரை நம் மக்களோடு அள்ளிப் பருகிய நாளுக்கு எட்டு நாள் முன்னர் நிகழ்ந்த பேச்சு அது. தொடக்கப் பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர். எஞ்சிய 82 பேர் மீண்டும் எழுத்தறியா நிலைக்கே திரும்புகின்றனர் என்று அவர் எடுத்துக்காட்டினார். பள்ளி வாயிலை மிதித்த பிள்ளை வாழ்நாள் முழுவதும் எழுத்தறிவோடு இருக்கும் நிலையை அடைந்த பிறகே வெளியேற வேண்டும், அதற்குரிய செலவை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். இருவரும் கண்ட நோய் ஒன்றே. விட்டுப் போகிறவன் கையில் ஏதாவது கொடுத்தனுப்பு என்றார் வெஸ்ட். அவனை விட்டுப் போகவே விடாதே என்றார் அண்ணல்.

இதே காலத்தில் ஜப்பானில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1922-இல் ஹரால்டு பாமர் என்னும் ஆங்கில மொழியறிஞர் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் ஆலோசகராக அழைக்கப்பட்டார். மறு ஆண்டில் டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் தொடங்கிற்று. 1936 வரை அவர் அங்கிருந்தார். வெஸ்டுக்கு நேர்மாறாக, காதும் வாயும் முதலில், கண்ணும் கையும் பின்னர் என்றார் பாமர். ஆனால் அங்கும் பரீட்சை மொழிபெயர்ப்பைத்தான் கேட்டது. ஆகவே ஆசிரியர் பலர் பழைய தடத்தை விட்டு விலகவில்லை. ஆயினும் ஜப்பானியப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. அங்கே 1907 முதல் ஆறாண்டுக் கல்வி கட்டாயம். அது தாய்மொழிக் கல்வி. ஆங்கிலம் வாராதவனும் செய்தித்தாளைப் படித்தான். தொழில் நுட்பம் கற்றான். மாணவரின் ஆங்கிலம் குறைந்து வருவது தாய்மொழிக் கல்வி வளர்ந்ததன் இயல்பான விளைவே என்று, ஆங்கில ஆசிரியராகவும் இருந்த நாவலாசிரியர் நட்சுமே சோசெகி 1911-இல் எழுதினார். இங்கே ஆங்கிலத்தை இழந்தவன் கல்லூரியையும் உத்தியோகத்தையும் சேர்த்தே இழந்தான். அதற்காக ஜப்பானைச் சொர்க்கமென்று கொள்ளவும் வேண்டா. அங்கும் புராக்கு மக்களை இழிந்தோராக ஒதுக்கும் பழக்கத்தை 1871-இல் சட்டத்தால் நீக்கிய பிறகும், பல ஊர்களில் அவர்தம் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளியே கிடைத்தது. பாமர் ஜப்பான் சேர்ந்த அதே 1922-இல்தான் அம்மக்கள் கியோட்டோ நகரில் கூடித் தம் சமத்துவ இயக்கத்தை நிறுவினர்.

வெஸ்டும் பாமரும் முறையில் மாறுபட்டாலும், எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்பதில் ஒன்றுகூடினர். 1934-இல் நியூயார்க்கிலும் 1935-இல் இலண்டனிலும் அறிஞர் கூடிப் பேசி வகுத்த அடிப்படையில், சுமார் 2000 சொற்கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலை வெஸ்ட் 1953-இல் வெளியிட்டார். மாணவர் கையில் இன்று காணும் ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியும் இவ்வழி வந்ததே. பாமரைத் தொடர்ந்து ஆய்வு நடத்திய ஹார்ன்பியும் நண்பர் இருவரும் தொகுத்து, போர்க்காலத்தில், 1942-இல், டோக்கியோவில் அது முதன்முதல் அச்சாயிற்று. ஆசியப் பிள்ளைகள் செய்த பிழைகளைக் கண்டு திருத்தியவர்கள் எழுதிய அகராதி அது. நம் பிழைகளுக்கும் இவ்வாறு ஒரு பயன் உண்டு!

வெஸ்ட் 1960-இல் கடினமான சூழ்நிலைகளில் ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். நெருக்கமான பலகைகள், ஒரே வகுப்பில் பல தரத்துப் பிள்ளைகள், வெப்பம், தாமே ஆங்கிலம் சரளமாகப் பேசாத ஆசிரியர் என்று அவர் வருணிக்கும் வகுப்பை நம்மில் பலர் நேரில் அறிவோம். பின்னர் 1979 முதல் 1984 வரை நா. சு. பிரபு பெங்களூரிலும் சென்னை முதலான இடங்களிலும் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய சோதனை இன்னொரு வழியைக் காட்டிற்று. இலக்கணத்தை வரிசையாகச் சொல்லாமல், இரயில் கால அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் கையில் கொடுத்து, விடை காணச் செய்து, அந்த முயற்சியினூடே மொழி படியுமாறு விடுவது அம்முறை. நம் மாலை வகுப்பு ஆசிரியருக்கு இது பெரிதும் பயன்படும். செலவு ஓர் அட்டவணைத் தாள் மட்டுமே.

நம் கழக உறுப்பினரிடையே இன்று ஒரு வழக்கு உள்ளது. நேர்முகத் தேர்வில் பேச்சைத்தான் பார்க்கின்றனர், ஆகவே பேச்சு ஆங்கிலத்துக்கே பணத்தைச் செலவிட வேண்டும் என்பர் இளைஞர். அவர்கள் கூறுவது உண்மை. சரியாகப் படித்தும் பேசத் தயங்கியதால் வாய்ப்பிழந்தவரை நாமும் கண்டிருக்கிறோம். வெஸ்டின் திட்டம் இவ்விடத்தில் நமக்கு முழுதும் போதாது. பலருக்குப் படிப்பு, சிலருக்குப் பேச்சு என்று நின்றுவிட்டால், அது மெக்காலேயின் கசிவுக் கொள்கைக்கே புது உருவாகிவிடும். ஆயினும் பேச்சு வகுப்பில் சேர்வோர் பத்தாம் வகுப்பைக் கடந்தவர்கள். ஐந்து முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் முதலிடம் எளிய வாசகப் புத்தகங்களுக்கே தரப்படல் வேண்டும். தமிழில் சரளமாகப் படிக்க வாராத பிள்ளைக்கு அதை முதலில் செய்து முடித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

பொதுக்குழுவின் முன் இன்னொன்றையும் வைக்கிறோம். இப்போது ஒரு பிள்ளை மூன்று மாதம் வாராவிட்டால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுகிறோம். அவ்வாறு அடிக்காமல், அப்பெயர்களைத் தனி ஏட்டில் எழுதி, அப்பிள்ளைகள் வேலை முடிந்து இரவில் வந்தாலும் புத்தகம் எடுத்துச் செல்ல நூலக அட்டை கொடுக்கலாம். ஒவ்வொருவரும் எதுவரை படித்து நின்றார், ஏன் நின்றார் என்ற இரண்டையும் அந்த ஏட்டிலேயே குறித்து வைத்தால், உதவித்தொகை யாருக்கு முதலில் தருவது என்பதை அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஊகத்தால் அன்றிப் பெயர் சொல்லியே முடிவு செய்யலாம்.