ஈரி ஏரியும் பாஸ்பரசும்

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் மிகக் குறைந்தது ஈரி. சராசரி ஆழம் 19 மீட்டர்தான். கரையோர நகரங்களின் கழிவு அதனாலேயே அதைக் கடுமையாகத் தாக்கியது. 1960களில் கோடைதோறும் பாசி அடர்ந்து படர்ந்தது. அது மடிந்து அழுகியபோது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. ஏரி செத்துவிட்டது என்றே பலரும் பேசினர்.

காரணம் எது என்பதில் பெரும் சர்ச்சை எழுந்தது. சலவைத்தூளில் கலந்த, பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட்டே காரணம் என்றனர் ஆய்வாளர் பலர். கார்பன்தான் என்று சலவைத்தூள் தொழில்துறை தரப்பு வாதிட்டது. ஆய்வகக் குடுவைகளால் இந்த வழக்கைத் தீர்க்க இயலவில்லை. ஒன்டாரியோவின் வடமேற்கில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட சிற்றேரிகளில் ஒன்றான 226ஆம் எண் ஏரியை ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973இல் பிளாஸ்டிக் திரையால் இரண்டாகத் தடுத்தது. இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் இடப்பட்டன; ஒன்றில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ். அந்தப் பாதி மட்டும் பச்சையாயிற்று. வானிலிருந்து எடுத்த அந்த ஒரே படம், நூறு அட்டவணைகள் சொல்லாததைச் சொன்னது.

ஏரியைப் பகிரும் அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாடுகளும் 1972இலேயே ஏரிநீர்த் தர ஒப்பந்தம் செய்திருந்தன. கழிவுநீர் நிலையங்கள் மேம்பட்டன, சலவைத்தூளில் பாஸ்பேட் குறைந்தது, ஏரியும் தெளிந்தது. ஆனால் வயல்களிலிருந்து கரைந்துவரும் உரத்தைத் தடுப்பது அத்தனை எளிதன்று. 2014 ஆகஸ்டில் பாசி நஞ்சு கலந்ததால், ஏரிக்கரையிலுள்ள டொலிடோ நகரில் குழாய்நீரைக் குடிக்க வேண்டாமென அறிவிக்க நேர்ந்தது. ஏரியின் மேற்கு, நடுப் பகுதிகளுக்கு வரும் பாஸ்பரசை 2008ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 சதவீதம் குறைக்க 2016இல் இரு நாடுகளும் இலக்கு வகுத்தன.