4.76-இல் நின்றுபோன ரூபாய்

1950 முதலான டாலர்-ரூபாய் மாற்று விகிதங்களை ஒரு கிளவுட் டேட்டாபேஸில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. தேதி, நாணயம், விகிதம்: ஒரு பதிவுக்கு மூன்றே விவரம். கடைசியாக ஏற்றிய விகிதத்திலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் அது தட்டச்சுப் பிழை, ஏற்றாதே என்று நானே ஒரு விதி எழுதியிருந்தேன். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிட்டேன்.

காலையில் பார்த்தால் அட்டவணை 1966 ஜூன் 5-லேயே நிற்கிறது. ஒரு டாலர் 4.76 ரூபாய். அதற்குப் பிறகு ஒரு பதிவுகூட ஏறவில்லை. கோப்பு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். ஜூன் 6-ஐத் திறந்தேன்: 7.50.

பிழையே இல்லை. அப்போது விகிதத்தை நிர்ணயித்தது சந்தை அல்ல, அரசாங்கம். 1949-இல் பவுண்டோடு சேர்ந்து இறங்கிய ரூபாயை 16 ஆண்டுகளுக்கு மேல் 4.76-இலேயே பிடித்து வைத்திருந்தார்கள். 1965 போர், வறட்சி, கரைந்துபோன அந்நியச் செலாவணி, உதவி தருபவர்களான அமெரிக்காவும் உலக வங்கியும் கொடுத்த நெருக்கடி. இந்திரா காந்தி அரசு ஒரே இரவில் கையை விட்டது. காங்கிரஸ் தலைவர் காமராஜருக்கே அதில் உடன்பாடில்லை. ஆயிரம் டாலர் இயந்திரத்துக்கு 4,760 ரூபாய் சேர்த்து வைத்திருந்தவர் மறுநாள் 7,500 தேட வேண்டியிருந்தது.

அந்த ஒரு நாளை என் விதி நம்பவில்லை. அதனால் பின்னால் வந்த அத்தனை வருஷங்களையும் வெளியே நிறுத்திவிட்டது.

விதியை நான் எடுக்கவில்லை. பெரிய மாற்றம் வந்தால் தள்ளாமல், ஆளைக் கூப்பிட்டுக் கேட்கும்படி திருத்தினேன். நான்காவதாக ஒரு விவரமும் சேர்த்தேன்: காரணம்.