அறுபதா? ஐம்பத்தாறா? முதுமை தொடங்குவது எப்போது?

களியக்காவிளையில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழக அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் 60 வயதில் ஓய்வு பெறுவார். அந்தப் பக்கம் பாறசாலையில் கேரள அரசு அலுவலகத்தில் இருப்பவர், 2013 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர் என்றால், 56 வயதிலேயே பெட்டியைக் கட்டிவிட வேண்டும். (அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அங்கும் 60.) இருவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவர்கள். 1956 நவம்பர் 1 வரை இரண்டு ஊரும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் முதுமை நான்கு வருடம் முன்னால் வந்துவிடுமா என்ன?

சரி, அப்படியானால் முதுமை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? உடம்பா, ஊரா, அரசாங்கமா?

கிழவன் என்றால் தலைவன்

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று ஒருவரை 'கிழவன்' என்று கூப்பிட்டால் சண்டைக்கு வந்துவிடுவார். ஆனால் தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்றால் தலைவன், தலைவி. காதலிக்கிற இளம் வயதுக்காரர்கள்! 'கிழமை' என்றால் உரிமை. உரிமை உடையவன் கிழவன். அந்தச் சொல் எப்படியோ தேய்ந்து தேய்ந்து, பல் போனவருக்குப் பெயராகிவிட்டது. 'மூப்பு' என்ற சொல்லும் அப்படித்தான். வயதையும் குறிக்கும், பதவியையும் குறிக்கும்.

பெண்களுக்குப் பழைய இலக்கணம் வைத்த கணக்கு இன்னும் கடுமை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம். கடைசியான பேரிளம்பெண்ணுக்கு வயது 32 முதல் 40 வரை. அதற்குப் பிறகு? பருவமே கிடையாது. நாற்பதோடு பட்டியல் முடிந்துவிட்டது.

வயது தெரியாத காலம்

ஒரு காலத்தில் முதுமைக்கு எண் தேவைப்படவில்லை, அடையாளம் போதும். நரை, திரை, பேரன் பேத்தி. மனு சொல்வதும் அதுதான். தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரனையும் பார்த்தபிறகு காட்டுக்குப் போகலாம் என்கிறார். வயது இவ்வளவு என்று சொல்லவில்லை. புறநானூற்றில் பிசிராந்தையாரிடம், இத்தனை வயதாகியும் நரை இல்லையே என்று கேட்கிறார்கள். நல்ல மனைவி, நல்ல மக்கள், நல்ல அரசன், நல்ல ஊர் என்று அவர் காரணம் அடுக்குகிறார். கவலை இல்லாதவனுக்கு முதுமை தள்ளிப்போகும் என்பது அவர் கட்சி.

நாஞ்சில் நாட்டில் பிறந்த நட்சத்திரம் தெரியும், பிறந்த வருடத்தைக் கொல்லம் ஆண்டில் சொல்வார்கள். அதுவும் தெரியாதவர்களுக்குப் பெரிய சம்பவங்கள்தான் காலண்டர். கொல்லம் 1099-ல், அதாவது 1924-ல், திருவிதாங்கூரைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அப்படி ஒன்று. 1936-ல் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் இன்னொன்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல்தான். அதனால்தான் இன்றும் பல பாட்டாமார், பாட்டிமார் ஆதார் அட்டையில் ஜனவரி 1-ம் தேதி பிறந்திருக்கிறார்கள்!

ஆனால் ஒரு எண் மட்டும் அப்போதே இருந்தது. அது 60. பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருடங்கள் அறுபது. அந்தச் சக்கரம் ஒருமுறை சுற்றி, பிறந்த வருடமே திரும்பி வந்தால் மணிவிழா. கவனியுங்கள், அது வேலையை விடுகிற நாள் இல்லை. மறுபடியும் தாலி கட்டுகிற நாள்!

காரணவர் காலம்

நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடையே மருமக்கள்வழி இருந்தபோது, குடும்பச் சொத்து முழுவதும் மூத்த ஆணின் கையில் இருந்தது. அவர்தான் காரணவர். காரணவர் ஆவதற்கு 60 வயது ஆக வேண்டியதில்லை, குடும்பத்தில் மூத்தவராக இருந்தால் போதும். சாகும்வரை அதிகாரம். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதி இந்த முறையைக் கிழிகிழியென்று கிழித்தார். ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணின் வாயால் சொல்லப்படும் கதை அது. 1926-ல் (கொல்லம் 1101) நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. சொத்தைப் பாகம் பிரிக்கவும், மனைவி மக்களுக்குக் கொடுக்கவும் வழி பிறந்தது.

நியாயமான சட்டம்தான். ஆனால் இதில் ஒரு விஷயம் தெரிகிறது. முதியவருக்குக் கிடைத்த மரியாதையில் எவ்வளவு வயதுக்கு, எவ்வளவு சாவிக்கொத்துக்கு? சொத்தே இல்லாத குடும்பங்களில் மூப்புக்கு எந்தப் பதவியும் இருந்ததில்லை.

கணக்குப் புத்தகம் வைத்த எண்

சம்பள வேலை வந்தபிறகுதான் முதுமைக்குத் தேதி வந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தார். அவர் வைத்த வயது 65 என்று பலரும் சொல்வார்கள். தவறு. அவர் வைத்தது 70. அதை 65 ஆகக் குறைத்தது 1916-ல். பிரிட்டனும் 1908-ல் 70-ல்தான் தொடங்கியது. அந்த வயதுவரை உயிரோடு இருந்து பணம் வாங்குபவர்கள் குறைவு என்பதால் கஜானாவுக்குத் தாங்கியது.

இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கு 55 ஆக இருந்தது 1962-ல் 58 ஆனது, 1998-ல் 60 ஆனது. தமிழகத்தில் 58 ஆக இருந்தது 2020 மே மாதம் 59, அடுத்த ஆண்டே 60. கொரோனாவால் வருமானம் குறைந்து அரசு திணறிய சமயம் அது. ஓய்வுபெறுபவர்களுக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணம் தள்ளிப்போனது. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர்களின் வேலையும் சேர்ந்தே தள்ளிப்போனது. 2012-ல் கேரளா 55-ஐ 56 ஆக்கியபோது இளைஞர் அமைப்புகள் தெருவில் இறங்கியதும் இதற்காகத்தான். யாருடைய உடம்பும் ஒரே வருடத்தில் இளமையாகிவிடவில்லை. வரவு செலவுதான் மாறியது.

அரசியலுக்கு இந்தக் கணக்கே கிடையாது. மார்ஷல் நேசமணி 1967-ல் நாகர்கோவில் எம்.பி. ஆனபோது வயது 71. அவர் மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் இங்கே ஜெயித்த காமராஜருக்கு 65.

பனை ஏறியவருக்கு எது ஓய்வு வயது?

காலையும் மாலையும் பனை ஏறி இறங்கியவர், குளச்சலிலும் முட்டத்திலும் கட்டுமரம் தள்ளியவர், விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்... இவர்களுக்கு முதுமை என்பது ஒரு தேதி இல்லை. கால் நடுங்கி, இனி ஏற முடியாது என்று தெரிகிற அந்த ஒரு காலைதான் ஓய்வு நாள். அது 50 வயதிலும் வரலாம்.

1962-ல் காமராஜர் ஆட்சியில் ஆதரவற்ற முதியோருக்கு உதவித்தொகை தொடங்கியது. 1995-ல் மத்திய அரசின் திட்டம் வந்தது. வயது 65, மாதம் 75 ரூபாய். 2011-ல்தான் அந்த வயது 60 ஆகக் குறைந்தது. வருமான வரியில் மூத்த குடிமகன் என்பதற்கான வயதும் அதே 2011-ல்தான் 65-லிருந்து 60 ஆனது. ஆக, ஓய்வு வயது கீழேயிருந்து ஏறி 60-க்கு வந்தது, உதவித்தொகை வயது மேலேயிருந்து இறங்கி 60-க்கு வந்தது. இரண்டும் பஞ்சாங்கம் சொன்ன அறுபதிலேயே சந்தித்துக்கொண்டன!

ஆனால் 52 வயதில் பனையிலிருந்து இறங்கியவர் அடுத்த எட்டு வருடம் எதைச் சாப்பிடுவார்? அதற்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை. 60 ஆனபிறகும் தமிழகத்தில் அவருக்கு 2023-ல் உயர்த்தி அறிவித்த தொகை மாதம் 1,200 ரூபாய்.

அவ்வை கேட்ட வரம்

தாழக்குடிப் பக்கம் அவ்வையாரம்மன் கோயில் இருக்கிறது. ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் கூட்டமாகப் போய் கொழுக்கட்டை அவித்துப் படைக்கிறார்கள். அவ்வையின் கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சு வந்தபோது, தன்னைக் கிழவியாக்கிவிடும்படி பிள்ளையாரிடம் வரம் கேட்டாள். கிழவியானபின் யாரும் அவளைத் தடுக்கவில்லை. நினைத்த ஊருக்குப் போனாள், அரசர்களோடு சரிக்குச் சரி பேசினாள்.

முதுமையைச் சாபமாக நினைக்காமல் சுதந்திரமாகக் கேட்டு வாங்கியவள் அவள் ஒருத்திதான். 1941-51 காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. இன்று 70-ஐ ஒட்டி வந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நூறு தமிழர்களில் பத்துப் பேருக்கு மேல் 60-ஐத் தாண்டியவர்கள். மருத்துவம் வருடங்களைக் கூட்டிக் கொடுத்துவிட்டது. அந்த வருடங்களில் அவ்வையைப் போல நடமாட, கையில் நாலு காசும் போக ஓர் இடமும் வேண்டும். அதைக் கொடுக்காமல் வயதை 58, 59, 60 என்று மாற்றிக்கொண்டே இருப்பதால் யாருக்கு லாபம்? யோசித்துப் பாருங்கள். எல்லோரும் ஒருநாள் அந்த எண்ணுக்குப் போய்ச் சேரப்போகிறவர்கள்தானே!